முன்னிற்குஞ் சுரப்பியின் வீக்கமும் இல்லற இன்பமும்

மூப்பு வரவர உடலுறுப்புக்கள் தளர்தலே இயல்பாக, ஆடவரிடத்து ஓர் உறுப்பு வளர்ந்துகொண்டே போகின்றது. சிறுநீர்ப்பையின் கீழே சிறுநீர்வழியைச் சூழ்ந்து கிடக்கும் முன்னிற்குஞ் சுரப்பியே அஃதாம். மருத்துவர் இதனைப் புரொஸ்டேற் என்பர். ஐம்பது வயதைக் கடந்தவர் பலருக்கு இது பருத்துச் சிறுநீர்வழியை நெருக்க, நீரோட்டந் தளரும். இரவிற் பன்முறை எழ நேரும். இவ்வீக்கம் புற்றுநோயன்று, சிகிச்சைகளும் பல உள. ஆயினும், அவை இல்லற இன்பத்தைக் கெடுக்குமோ என்னும் ஐயத்தை நாணத்தால் வினவாதோர் பலர். வினவாமையால் அச்சமே மிகும்.

இவ்வையம் நீங்க, வேட்கை, விறைப்பு, சுக்கில வெளிப்பாடு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று குன்றின் ஏனையவுங் குன்றும் என்னும் நியதியில்லை.

தம்சுலோசின் போன்ற மருந்துகள் சுரப்பியிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலுமுள்ள தசைகளை நெகிழ்த்து விரைவிற் பயன் தருவன. இவற்றாற் சிலர்க்குச் சுக்கில வெளிப்பாடு குறைதலும் அறவே நிற்றலும் உண்டு. மருந்தை நிறுத்தின் அது பெரும்பாலும் மீளும்.

பினஸ்ரறைட் என்னும் மருந்தின் வரலாறு வியப்பிற்குரியது. தொமினிக்கன் குடியரசிற் சிலரிடத்து, டெஸ்ரோஸ்ரரோனை வலிமிக்க வேறோர் ஓமோனாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குறைவுற்றிருந்தது. 1974 இல் இவர்களைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. இவர்களின் முன்னிற்குஞ் சுரப்பி சிறிதாகவே இருந்தது. அந்நொதியத்தைத் தடுப்பதே பினஸ்ரறைட். அது மாதக்கணக்கிற் சுரப்பியைச் சுருக்கும். ஆயின், ஓமோனைத் தொடுதலின் சிறுபான்மையோர்க்கு வேட்கையும் விறைப்புங் குன்றும். மருந்தை நிறுத்திய பின்னும் இக்குறை சிலரிடத்து நீடித்ததாகக் கூறுவர்.

தடலாபில் என்னும் மருந்தோ சிறுநீர்த் தொல்லையையும் விறைப்புக் குறைவையும் ஒருங்கே தணிக்கும். இதயநோய்க்கு நைத்திரேற்று மருந்து உட்கொள்வோர் இதனை உட்கொள்ளலாகாது.

சிறுநீர்வழியாகக் கருவி செலுத்திச் சுரப்பியைச் செதுக்கியெடுக்குஞ் சத்திரசிகிச்சையிற் சிறுநீர்ப்பைக் கழுத்து முன்போல் மூடுவதில்லை. ஆதலின் பெரும்பாலார்க்குச் சுக்கிலம் வெளிவராது பின்னோக்கிச் சிறுநீர்ப்பையுட் சென்று சிறுநீரோடு கழியும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. விறைப்பும் இன்பவுணர்வும் பெரும்பாலும் நிலைபெறும். எனினும், மகப்பேற்றை விரும்புவோர்க்கு இஃது இழப்பேயாம். இதனை முன்னரே அறியாதவர், தம் ஆண்மையே அழிந்ததெனக் கலங்குவர். சுரப்பி மடல்களை நூலாற் பின்னிழுத்துக் கட்டுதல், நீராவியாற் சுருக்குதல் ஆகிய புதுமுறைகளில் இவ்விழப்பு அரிது. ஆயின் பிற்காலத்தில் மீண்டுஞ் சிகிச்சை வேண்டியிருத்தல் கூடும்.

எல்லார்க்கும் ஏற்ற சிகிச்சை ஒன்றில்லை. தமக்கு இன்றியமையாதது யாதென இல்லாளோடு ஆராய்ந்து, அதனை வைத்தியரிடம் சிகிச்சைக்கு முன்னரே கூறுதல் நோயாளர் கடன். கேளாமலே விளக்குதல் வைத்தியர் கடன். தாமாகவே மருந்தை நிறுத்துவோர் சிறுநீர் அடைபட்டு இடர்ப்படவுங் கூடும். நாணத்தாற் பேசாதிருத்தலினும் தெளிந்து தேர்தலே நன்று.