காரைக்கால் அம்மையாரும் பிரெஞ்சு ராஜதந்திரமும்

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. கோட்டை, கொத்தளம், வரி வசூல் எல்லாவற்றையும் விட்டுப்போன பாரிஸ், தன் பண்பாட்டு, அறிவியல் நிறுவனங்கள் இங்கே தொடரும் உரிமையை மட்டும் விடவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் பிடித்துக்கொண்டது.

படையாலோ பணத்தாலோ அல்லாமல், ஈர்ப்பால் பிறரைத் தன் பக்கம் சாயவைப்பதை ‘மென்சக்தி’ என்கிறோம். அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990-இல்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் பிறக்கும் முன்பே பிரான்ஸ் அந்தத் தொழிலில் தேறியிருந்தது. 1883-இல் பாரிஸில் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸ், 1889-இலேயே புதுச்சேரியில் கிளை விரித்துவிட்டது. பிரிட்டிஷ் கவுன்சில் வந்தது 1934-இல். சீனாவின் கன்பூசியஸ் நிறுவனங்கள் 2004-இல்.

சாமர்த்தியம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே தன் இந்தியவியல் வரிசையின் முதல் நூலாக அது வெளியிட்டது, காரைக்கால் அம்மையாரின் பாடல்களை! கரவேலன் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, நிறுவனத்தின் இயக்குநர் ழான் ஃபிலியோசா முன்னுரை எழுதினார். இந்தியவியல் வரிசையில் மோலியரின் நாடகமா வரும் என்று கேட்கலாம். சரிதான். ஆனால், ஆனி மாதத்தில் மாங்கனி இறைத்து நாம் கொண்டாடும் அம்மைக்கு முதல் எண்ணைக் கொடுத்தவர்களை யார் அந்நியராக நினைப்பார்கள்? தன் பெருமையைப் பேசுவதைவிட அடுத்தவர் பெருமையைப் பேணுவது நெடுநாள் பலன் தரும். புதுச்சேரியில் திரட்டப்பட்ட சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. சைவ ஆகமம் ஆராய்பவர் எந்த நாட்டுக்காரரானாலும் அந்த நிறுவனத்தைத் தவிர்க்க முடியாது.

காரைக்காலிலிருந்தும் பண்பாடு கடல் கடந்தது. அரசு அனுப்பி அல்ல. 1850-களில் தொடங்கி, இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு மாரியம்மனையும் மதுரைவீரனையும் கொண்டுபோனார்கள். பக்கத்து நாகூர் ஆண்டவரும் கூடவே போனார். அங்கே அவர் ‘நாகூர்மீரா’ என்ற பெயரில் மாரியம்மனோடு சேர்த்து வழிபடப்படுகிறார். மானியம் இல்லை, தூதரகம் இல்லை.

1950-இலேயே இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தை அமைத்த டெல்லி, யோகாவுக்கும் செவ்வியல் நடனத்துக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது இந்தக் கூலிச் சாமிகளுக்குக் காட்டலாம். இன்றைக்கு அந்தத் தீவுகளில் முன்னோரின் ஊரைத் தேடும் ஒருவர் காரைக்காலுக்கு வருமுன் பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.