ஓடும் குதிரைக்கு எண்ணெய்ச் சாப்பாடு

பெங்களூர் பந்தய மைதானத்துக்குப் போகிறவர்கள் குதிரையின் பரம்பரையைப் பார்க்கிறார்கள். ஜாக்கி யார் என்று பார்க்கிறார்கள். போன பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தது என்று பார்க்கிறார்கள். முதல் நாள் இரவு அதன் தீனித் தொட்டியில் என்ன இருந்தது என்று கேட்கிறவர் மட்டும் யாரும் இல்லை. (பந்தயத்தில் பணம் கட்டச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. சம்பளத் தேதியன்று அங்கே போய் வந்தவர்களின் வீட்டு நிலைமையை நாம் அறிவோம்.)

நேற்று வரை காற்றாய்ப் பறந்த குதிரை, இன்று காலைப் பயிற்சிக்குக் கொண்டுபோன கால் மணி நேரத்தில் திடீரென நின்றுவிடும். உடம்பெல்லாம் வியர்வை வழியும். பின்தொடைகள் கல்லாக இறுகியிருக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். விவரம் தெரியாதவர்கள் சண்டித்தனம் என்று நினைத்து இழுப்பார்கள், சவுக்காலும் அடிப்பார்கள். அது சண்டித்தனம் அல்ல. உள்ளே தசை சிதைந்துகொண்டிருக்கிறது. இழுத்து நடத்தினால் சிதைவு அதிகமாகும். சிதைந்த தசையிலிருந்து கரைந்து வரும் நிறப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுத்து, உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. நின்ற இடத்திலேயே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் சரி.

திங்கட்கிழமை நோய்

ஐரோப்பாவில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு இந்த நோய் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். ஆறு நாள் உழைப்பு, ஞாயிறு ஓய்வு. ஓய்வு நாளிலும் தானியத்தைக் குறைக்காமல் போடுவார்கள். திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் குதிரை இறுகி நின்றுவிடும். ஆகவே 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆபீசுக்குக் கிளம்பும்போது நமக்கு வரும் திங்கட்கிழமை நோய் வேறு. அதற்கு வைத்தியம் கிடையாது!

பந்தயத்தில் ஓடும் உயர் ஜாதிக் குதிரைகளில் நூற்றுக்கு 5 அளவில் இந்தத் தசை இறுக்கம் திரும்பத் திரும்ப வருவதாக வெளிநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இளம் பெட்டைக் குதிரைகள், அதிலும் பதற்ற சுபாவம் உள்ளவை, அதிகம் பாதிக்கப்படுகின்றன. பிறவிக் கோளாறு ஒரு காரணம். அதைத் தூண்டிவிடுவதில் தானியத் தீனிக்குப் பங்கு உண்டு.

குதிரை இயற்கையில் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும் பிராணி. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குப் பார்த்தால் மிகச் சிறியது. மனிதனைப்போல அதற்கு வாந்தியும் எடுக்க வராது. தானியத்தில் உள்ள மாவுச்சத்தைச் சிறுகுடல் ஓரளவுதான் செரிக்கும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகிறது. அதனால் வயிற்று வலி வரும். குளம்புக்குள்ளே வீக்கம் கண்டு குதிரை முடமாகும். தரையில் புரண்டு துடிக்கும் குதிரையைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

ஒரு வேளைக்கு எவ்வளவு மாவுச்சத்து கொடுக்கலாம்? குதிரையின் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்பது இன்று நிபுணர்கள் சொல்லும் பாதுகாப்பான அளவு. பந்தயக் குதிரை சுமார் 450 கிலோ இருக்கும். ஓட்ஸில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு மாவுச்சத்து. கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ ஓட்ஸ்தான் வருகிறது. மக்காச்சோளம் என்றால் முக்கால் கிலோகூடக் கிடையாது. நாளைக்கு 5, 6 கிலோ தானியம் வாங்கும் குதிரைக்கு இரண்டு மூன்று வேளையில் அதைத் திணித்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கூட்டிப் பார்க்கலாம்.

தானியத்தைக் குறைத்தால் ஓடத் தெம்பு வேண்டாமா? இங்கேதான் கொழுப்பு வருகிறது. ஒரு கிலோ எண்ணெயில் ஏறக்குறைய மூன்று கிலோ ஓட்ஸின் சக்தி அடங்கியிருக்கிறது. மாவுச்சத்து துளியும் இல்லை. புல் தின்னும் பிராணிக்கு எண்ணெய் செரிக்குமா என்று சந்தேகம் வரலாம். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது என்பது உண்மை. ஆனால் பித்தநீர் எந்நேரமும் குடலில் சொட்டிக்கொண்டே இருப்பதால், பழக்கினால் நன்றாகவே செரிக்கிறது. பதற்றக் குதிரைகள் இந்தத் தீனியில் சற்று அமைதியாவதும் தெரியவந்திருக்கிறது.

பழக்குவதில்தான் பொறுமை வேண்டும். நாளைக்கு 50 மில்லியில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் 400 மில்லி வரை கொண்டுபோகலாம். சாணம் இளகினாலோ பிசுபிசுத்தாலோ அளவைக் குறைக்க வேண்டும். எண்ணெயில் புரதமும் இல்லை, தாது உப்பும் இல்லை. எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும். மருத்துவரைக் கேட்டுச் சேர்த்துத் தர வேண்டும். சோயா, சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் புதிதாக இருக்க வேண்டியது முக்கியம். பஜ்ஜி போட்டு மிஞ்சிய எண்ணெயைக் குதிரைக்கு ஊற்றுவது பாவம்.

எந்தத் தவிடு?

ஏமாற்றம் நடப்பது தவிட்டில்தான். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு கொழுப்பு உண்டு. எண்ணெய் ஆலைக்குப் போய் வந்த தவிட்டில் ஒன்று தேறினால் அதிகம். இதைத்தான் வியாபாரிகள் 'டி.ஓ.ஆர்.பி.' என்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் தவிடுதான். மாட்டுத்தீவனக் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. மூட்டையில் கொழுப்பு எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கக்கூடாது. கோதுமைத் தவிடு, இங்கே 'பூசா' என்பது, கொழுப்புத் தீனியே அல்ல. அதில் நூற்றுக்கு 4 பங்குதான்.

எண்ணெய் உள்ள நல்ல தவிட்டிலும் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. ஆலையிலிருந்து வந்த உடனே அது சிக்கடிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே சூடாக்கிப் பதப்படுத்தியதுதான் குதிரைக்கு ஆகும். அடுத்து, அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வெறும் தவிட்டையே தின்று வந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கிப் பெருத்துவிடும். மாவு மில்காரர்கள் வளர்த்த குதிரைகளுக்கு இது அந்தக் காலத்தில் அடிக்கடி வந்ததாம். ஈடுகட்டச் சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை அல்ல. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் நம் குதிரை மசாலிலும் சுண்ணாம்புச் சத்து ஏராளம்.

ஆளி விதை, கன்னடத்தில் 'அகசே', அருமையான சரக்கு. கொழுப்பு 40 பங்கு, மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். அவ்வப்போது பொடி செய்து கொடுக்க வேண்டும், அல்லது நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு வைத்தால் விஷம் உண்டாகும்.

கொள்ளு என்ன ஆயிற்று என்று நம்மவர்கள் கேட்பார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று நாம் கேலி பேசும் குதிரைக்குக் கொள்ளு பிடித்தமானதுதான். புரதம் 22 பங்கு இருக்கிறது. கொழுப்போ ஒரு பங்குகூட இல்லை. மாவுச்சத்தும் கணிசமாக உண்டு. அளவோடு கொடுக்கலாம். ஆனால் எண்ணெய்க்கு அது மாற்று ஆகாது.

எல்லாக் குதிரைக்கும் இந்தச் சாப்பாடு தேவையும் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு மாதம் நான்கு நாள் போய்வந்து, மீதி நாள் கொழுத்து நிற்கும் மட்டக்குதிரைக்கு எண்ணெய் ஊற்றினால் கெடுதல்தான். அதற்குப் புல்லும் நடையும் போதும். ஓடுகிற குதிரைக்கும் புல்தான் முதல் உணவு. 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7 கிலோ உலர்ந்த புல்லுக்குக் குறையக்கூடாது. ஓய்வு நாளில் தானியம் பாதியாக வேண்டும். லாயத்திலேயே கட்டிப்போடாமல் சிறிது நேரம் நடத்த வேண்டும்.

தீனித் திட்டத்தை எழுதுகிறவர் பயிற்சியாளர். விடிவதற்கு முன் தொட்டியில் கொட்டுகிறவர் சைஸ். குதிரை விழுந்தால் முதலில் திட்டு வாங்குகிறவரும் அவரே. பல இடங்களில் அவர் கையில் இருப்பது ஒரு பழைய டப்பா மட்டும். ஒரு டப்பா மக்காச்சோளம் ஒரு டப்பா ஓட்ஸைவிட வெகுவாகக் கனம். டப்பா கணக்கில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் மாவுச்சத்து இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்துக் குதிரை வாங்கும் முதலாளிகள் லாயத்துக்கு ஒரு தராசு வாங்கித் தரக்கூடாதா?