பின் சீட்டு எத்தனை மில்லிமீட்டர்?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். மாசம் ஒரு தடவை அம்மாவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். முழங்கால் தேய்மானம். பர்லியார் வர்றதுக்குள்ள ரெண்டு தடவையாவது வண்டியை ஓரங்கட்டுவேன். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் கவர். போன வருஷம் ஒருநாள் "இனிமே நான் வரல, மாத்திரையை நீயே வாங்கிட்டு வந்துடு"ன்னு சொல்லிட்டாங்க. அம்மா முன்னாடி உட்காரலாமேன்னு கேட்பீங்க. அங்கே அப்பா. இடுப்பு ஆபரேஷன் ஆனவர், சீட்டை முழுசா பின்னுக்குத் தள்ளி காலை நீட்டினால்தான் அவரால் உட்கார முடியும். ஆக, அம்மாவுக்கு மிஞ்சுவது டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம்.

காரை மாத்துவதுன்னு முடிவானதும் எல்லாரும் சொன்ன முதல் வார்த்தை வீல்பேஸ். முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் உள்ள தூரம். அது கூடினால் உள்ளே இடம் கூடும் என்பது பொதுக் கணக்கு. நானும் எழுதி வைத்தேன். 2018-ல் வந்த ஸ்விஃப்ட் 2450, டாடா பஞ்ச் 2445, வேகன் ஆர் 2435 மில்லிமீட்டர். மூணுக்கும் நடுவில் மொத்த வித்தியாசம் 15 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை! ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு காலத்தில் வரிசையாய் நின்ற அம்பாசடருக்கும் 2464தான். ஆனா அதன் நீளம் நாலே கால் மீட்டருக்கு மேல், வேகன் ஆர் 3.65 மீட்டர். மிச்சமான அறுபது சொச்சம் சென்டிமீட்டர் எங்கே போச்சு? அதில் பெரும்பங்கு எஞ்சினில். 1959-ல் அலெக் இஸ்ஸிகோனிஸ் மினி காரில் எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து, முன் சக்கரத்தையே இழுக்க வைத்தார். மூணு மீட்டர் காரில் நாலு பேர் உட்கார முடிந்தது அதனால்தான். இன்னைக்கு நம்ம சின்ன கார்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன.

சரி, வீல்பேஸ் ஒண்ணுதான்னா ஏன் உட்கார்ந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு? பாயில் உட்கார்ந்து பாருங்க, கால் முன்னால் நீளும். நாற்காலியில் உட்கார்ந்தா கால் கீழே தொங்கும். சீட்டு உயர உயர, முன்பக்கம் தேவைப்படும் இடம் குறைந்துகொண்டே போகும். இடுப்பு மூட்டு அமரும் புள்ளியை கார் வடிவமைப்பாளர்கள் ஹெச்-பாயின்ட் என்பார்கள். விளம்பரத் தாளில் நான் தேடியவரை அந்த எண் இல்லை. ஜப்பானில் கேய் கார் என்று ஒரு வகை உண்டு. நீளம் 3.4 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் தாண்டக்கூடாது, உயரம் மட்டும் 2 மீட்டர் வரை போகலாம். இடம் வேணும்னா மேலேதான் போகணும். 1993-ல் அங்கே வேகன் ஆர் பிறந்தது அந்த வகையில்தான். நம்ம ஊரில் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் உள்ள சின்ன கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். நீளம் அங்கே நின்னுடுச்சு. உயரத்தை மட்டும் ஆளுக்கொரு மாதிரி வைத்துக்கொண்டார்கள். அந்த ஸ்விஃப்ட் 1530, பஞ்ச் 1615, வேகன் ஆர் 1675.

முழங்கால் வலிக்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம். தாழ்ந்த சீட்டில் 'விழணும்', அப்புறம் முட்டியை ஊன்றி எழணும். இடுப்பு உயரத்தில் சீட்டு இருந்தா பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தா போதும். பஞ்ச்சில் கதவு 90 டிகிரி வரை திறப்பதால் புடவையோடு காலைத் திருப்ப அம்மாவுக்குச் சிரமமே இல்லை.

மலையில் இன்னொரு சங்கதி. குஷனின் நீளத்தைக் குறைத்தால் கால் பக்கம் நிறைய இடம் இருப்பது மாதிரித் தெரியும், முழங்கால் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கும். ஷோரூமில் தெரியாது. இறக்கத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும், தொடைக்குத் தாங்கல் இல்லாத ஆள் முன்னால் வழுக்குவார். மூணு பேருக்காகத் தட்டையாய் அமைத்த சீட்டு என்பதால் வளைவில் பக்கவாட்டிலும் பிடிப்பு இருக்காது. பின்பக்க ஏசி வென்ட் பற்றி ஒருத்தர் பத்து நிமிஷம் பேசினார். நாங்க குன்னூர்க்காரங்க, 1850 மீட்டர் உயரத்தில் இருக்கோம். பின்னால் உட்கார்றவங்க காதில் மஃப்ளர் கட்டிக்கிறவங்க.

வாந்திக்கு வர்றேன். உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் 'திரும்புறோம்'னு சொல்லும். கண்ணுக்கு முன்னால் இருப்பது அசையாத சீட்டு முதுகு. ரெண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு குழம்பும். ஓட்டுறவருக்கு வளைவு முன்கூட்டியே தெரியும், அவருக்கு இந்தத் தொல்லை அபூர்வம். அதனால் பின் சீட்டில் கால் இடத்தைவிடக் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் பெருசு. ஜன்னலின் கீழ் விளிம்பு தாழ்வாக இருக்கணும். சமீபத்திய கார்களில் அழகுக்காக அந்த விளிம்பு பின்னால் போகப்போக மேலே ஏறும். 2018 ஸ்விஃப்ட்டிலும் பஞ்ச்சிலும் பின் கதவின் கைப்பிடியைத் தூணருகில் ஒளித்திருப்பாங்க. கண்ணாடி அங்கே சுருங்கும். வேகன் ஆரின் ஜன்னல் சதுரம், பெருசு. அம்மா அதில் உட்கார்ந்ததும் "இதுல வெளியே தெரியுதுப்பா" என்றார்கள்.

முடிவு அங்கேயே ஆகியிருக்கணும். ஆனா 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன் ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது ஒரு நட்சத்திரம். பஞ்ச்சுக்கு 2021-லேயே ஐந்து. எதிரே லாரி ஏறி வரும் ரோட்டில் அதை என்னால் ஒதுக்க முடியல. உயரமான கார் எதுவானாலும் வளைவில் கொஞ்சம் சாயும், அதுக்கு மெதுவா ஓட்டலாம். மோதலுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

பஞ்ச் வாங்கினோம். ஜன்னல் குறையைச் சரிக்கட்ட, உயரமான குஷன் ஒண்ணு தைத்துப் போட்டிருக்கலாம்னு முதலில் நினைத்தேன். சீட் பெல்ட் வயிற்றில் ஏறிடும்னு விட்டுட்டேன். பதிலா அம்மா இப்போ கொஞ்சம் நடுப்பக்கமா சாய்ந்து, ரெண்டு முன் சீட்டுக்கும் இடையில் ரோட்டைப் பார்த்துக்கிட்டே வர்றாங்க. "அந்த ஜன்னல்தான் நல்லா இருந்துச்சு"ன்னு இன்னும் சொல்றாங்க. எலுமிச்சம்பழமும் கையில்தான் இருக்கு. போன தடவை பர்லியாரில் ஒரே ஒரு முறை நிறுத்தினோம், மங்குஸ்தான் வாங்க.