ஸ்கானில் ஒன்றும் தெரியாத நரம்பியல் நோய்

ஒரு கால் திடீரென வலுவிழக்கிறது; கை நடுங்குகிறது; வலிப்பைப் போன்ற தாக்கம் வருகிறது. ஸ்கானிலோ மூளையில் சேதம் எதுவும் தெரிவதில்லை. "ஒன்றுமில்லையாம்" என்ற செய்தி வீட்டை அடைந்ததும், நோயுற்றவர் நடிக்கிறார் என்ற பேச்சும் சில குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. நோயைக் காட்டிலும் அப்பேச்சே அவரை அதிகம் முடக்குவதுண்டு.

இந்நிலை செயற்பாட்டு நரம்பியல் கோளாறு எனப்படுகிறது. மருத்துவமனைக் கடிதங்களில் எஃப்.என்.டி. என்றிருக்கும். மூளையின் அமைப்பு சிதையவில்லை. அது இயங்கும் விதமே தடுமாறுகிறது. நோயாளி இதை வேண்டுமென்றே செய்வதில்லை. மன அழுத்தம் சிலருக்குத் தூண்டுதலாகலாம். வேறு சிலருக்கு ஒரு காயமோ ஒற்றைத் தலைவலியோ தொடக்கமாக அமையும்.

வேறு நோய் அகப்படவில்லை என்பதற்காக மட்டும் இப்பெயர் சூட்டப்படுவதில்லை. 1908ஆம் ஆண்டில் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இன்றும் பயன்படுகிறது. படுத்திருப்பவரிடம் வலுவிழந்த காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அவரால் இயலாது. மற்றக் காலை மருத்துவரின் கைக்கு எதிராக உயர்த்தச் சொன்னாலோ, அதே குதிகால் தானாகவே வலுவுடன் அழுத்தும். கவனம் வேறிடம் சென்றதும் வலு திரும்புகிறது. நல்ல மருத்துவர் இதை நோயாளிக்கே காட்டி விளக்குவார்.

சிகிச்சையும் இதிலிருந்தே பிறக்கிறது. பின்னோக்கி நடத்தல், தாளத்துக்கேற்ப அடியெடுத்தல் போன்ற பயிற்சிகளால் இயன்மருத்துவர் இயக்கத்தை மீளப் பழக்குவார். வலிப்பு போன்ற தாக்கங்களுக்கு உளவியல் சிகிச்சை துணைசெய்யலாம்; வலிப்பு மருந்துகள் அவற்றைத் தடுப்பதில்லை. ஆயினும் சிலருக்கு உண்மையான வலிப்பு நோயும் உடனிருக்கும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் மாத்திரைகளை நிறுத்தலாகாது. தாக்கத்தின்போது அவரை அமுக்கிப் பிடிக்காமல், அடிபடாதவாறு மட்டும் காக்க வேண்டும். அதனைக் கைப்பேசியில் பதிவுசெய்து காட்டினால் நரம்பியல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரே முதல் வாயில். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென நேரம் பதியும்போதே கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. வீட்டுப் பிள்ளைகளை அப்பணிக்கு அமர்த்துவது தகாது. குளித்தல், சமைத்தல் போன்றவற்றுக்கு உதவி தேவைப்படுவோர், 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி கவுன்சிலிடம் தேவை மதிப்பீட்டைக் கோரலாம், அதுவும் இலவசமே. வலிப்பு போன்ற தாக்கம் உள்ளவர் வாகனம் ஓட்டுவதை நிறுத்தி, டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும்.

முகம் திடீரெனக் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, முன்பே இக்கோளாறு உள்ளவராயினும் 999 இலக்கத்தை உடனே அழைக்க வேண்டும். அது பாரிசவாதமாகவும் இருக்கலாம்.