எந்த மூன்று பந்துகள்?

கல்லூரி விளையாட்டு விழாக்களில் ஆடவர் எறியும் இரும்புக் குண்டை நீங்கள் தூக்கிப் பார்த்திருக்கலாம். அதன் எடை 7.26 கிலோகிராம், அதாவது 16 பவுண்டு. அதே எடையில், ஆனால் சிறியதொரு தர்ப்பூசணிப் பழத்தின் பருமனில் ஒரு பந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விரல்களை நுழைத்துப் பிடிக்க அதில் மூன்று துளைகள் உண்டு. இப்பந்தை ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான அகலமுள்ள வழுவழுப்பான தடத்தில் உருட்டி, 18.3 மீட்டர் தொலைவில் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துவதே 'டென்பின் பௌலிங்' என்னும் விளையாட்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பெரும் செல்வாக்குப் பெற்றது. பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குறைவாக இருக்கலாம். 12 பவுண்டுக்கும் குறைவான பந்து தண்ணீரில் மிதக்கும் என்பதை அதன் விட்டத்தைக் கொண்டு (21.8 செ.மீ.) நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இவ்விளையாட்டில் ஊன்றியவர்கள் ஒரே பந்தை வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. வீட்டில் ஆறு, எட்டு என்று சேர்த்து வைத்திருப்பார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோ வரைதான் அனுமதி. பலரும் விரும்பும் 15 பவுண்டுப் பந்து ஒன்றின் எடை 6.8 கிலோ. மூன்று பந்துகள் 20.4 கிலோ ஆகிவிடும். பையும் காலணியும் சேர்ந்தால் தராசு முள் எல்லையைத் தொட்டு நிற்கும். எடை போகட்டும் என்றாலும், ஓர் ஆட்டக்காரர் பதிவு செய்யக்கூடிய பந்துகளின் எண்ணிக்கையையே வரையறுக்கும் போட்டிகளும் உண்டு. அப்படியானால் எந்த மூன்றை எடுத்துச் செல்வது? இது விளையாட்டுக் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விபோல் தோன்றினாலும், விடை இயற்பியலில்தான் இருக்கிறது.

பந்து ஏன் வளைந்து செல்ல வேண்டும்?

பத்துக் கட்டைகளும் ஒரே உருட்டலில் விழுந்தால் அதற்கு 'ஸ்ட்ரைக்' என்று பெயர். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் முறையாக ஸ்ட்ரைக் அடிக்கும்போது பந்து நான்கு கட்டைகளையே தொடுகிறது: முன்னால் நிற்கும் 1ஆம் கட்டை, பிறகு 3, 5, 9. மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்திக்கொள்கின்றன. ஆனால் 1ஆம் கட்டையின் வலப்புறம் மோதும் பந்து, மோதலின் எதிர்விளைவால் தானும் வலப்பக்கம் ஒதுங்குகிறது. கட்டையொன்றின் எடை ஏறத்தாழ 1.6 கிலோ. இது புறக்கணிக்கத்தக்கதன்று. நேராக வந்த பந்து இவ்வாறு ஒதுங்கினால் 5ஆம் கட்டையைச் சரிவரத் தொடாது. எனவே பந்து வலமிருந்து இடமாகச் சாய்ந்து, சுமார் 6 பாகை கோணத்தில் கட்டைகளுக்குள் நுழைய வேண்டும்.

தடத்தின் வலது ஓரத்திலிருந்து குறுக்காக நேர்கோட்டில் உருட்டினால் இக்கோணம் கிடைக்காதா என்று நீங்கள் வினவலாம். கிடைக்காது. தடத்தின் பாதி அகலம் 53 செ.மீ., நீளம் 18.3 மீட்டர். விளிம்பிலேயே வைத்து உருட்டினாலும் கோணம் 1.7 பாகையைத் தாண்டாது. ஆகவே பந்து வழியில் வளைந்தாக வேண்டும்.

வளைவு எங்கிருந்து வருகிறது?

கையைவிட்டுப் புறப்படும் பந்தின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்றும், அது நிமிடத்திற்கு 350 முறை சுழல்கிறது என்றும் கொள்வோம். பந்தின் ஆரம் 10.9 செ.மீ. எனவே அதன் பரப்பு நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. வழுக்காமல் உருள வேண்டுமானால் இவ்வேகமும் 8 மீட்டராக, அதாவது நிமிடத்திற்கு 700 சுற்றுகளாக இருத்தல் வேண்டும். ஆகவே பந்து உருண்டு செல்வதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், தொடக்கத்தில் அது வழுக்கிக்கொண்டுதான் போகிறது.

மேலும், ஆட்டக்காரர் பந்தை விடும்போது விரல்களால் பக்கவாட்டில் முறுக்கிவிடுகிறார். சுழற்சியின் திசை பயணத் திசைக்கு 45 பாகை இடப்புறம் சாய்ந்திருப்பதாகக் கொண்டால், 4 மீட்டர் வேகத்தை முன்னோக்கி 2.8, பக்கவாட்டில் 2.8 என இரு கூறுகளாகப் பிரிக்கலாம். தரையைத் தொடும் புள்ளியில் உராய்வு இந்த வழுக்கலை எதிர்க்கிறது. அதனால் பந்தின் முன்வேகம் குறைகிறது, சுழற்சி கூடுகிறது, பந்து இடப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. வழுக்கல் முற்றும் நின்றபின் பந்து நேர்கோட்டில் உருளும். அதற்குமேல் வளைவதில்லை.

திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனில் ஐந்தில் இரண்டு என்னும் பின்னம் வருவதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது இங்கே பயன்படுகிறது. அதைக்கொண்டு கணக்கிட்டால், வழுக்கல் நின்றபின் முன்வேகம் நொடிக்கு 6.5 மீட்டர், பக்கவேகம் 0.8 மீட்டர் எனக் கிடைக்கிறது. பந்தின் திசை 7 பாகை திரும்பியுள்ளது. தொடக்கத்தில் பந்தை ஒரு பாகை வலப்புறமாக விட்டிருந்தால், நமக்கு வேண்டிய 6 பாகை அப்படியே கிடைத்துவிடுகிறது.

இக்கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? உராய்வுக் குணகம் இதில் வரவே இல்லை. பந்தின் எடையும் வரவில்லை. எவ்வளவு திரும்புவது என்பதைக் கையே முடிவு செய்துவிடுகிறது. உராய்வு முடிவு செய்வது, அத்திருப்பம் தடத்தின் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைத்தான். 'இந்தப் பந்து அதிகம் வளையும், அந்தப் பந்து குறைவாக வளையும்' என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வதன் உண்மைப் பொருள், இது முன்னதாகத் திரும்பும், அது பின்னால் திரும்பும் என்பதே. மூன்று பந்துகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இதைப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

தடத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். ஒரு தடம் முழுவதற்கும் சுமார் 20 முதல் 30 மில்லிலிட்டர்தான். பொதுவாக முதல் 12 மீட்டர் தொலைவுக்கு எண்ணெய் இருக்கும், நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும். கடைசி 6 மீட்டர் உலர்ந்த தரை. கேரம் பலகையில் முன்பாதிக்கு மட்டும் மாவு தூவி ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பகுதியில் உராய்வுக் குணகம் 0.04 என்றும் உலர்ந்த பகுதியில் 0.2 என்றும் கொண்டால், நம் பந்து எண்ணெயில் ஒன்றரை நொடி வழுக்கிச் சென்று, உலர்ந்த தரையில் சட்டெனத் திரும்பி, கட்டைகளுக்குச் சுமார் 2 மீட்டர் முன்பாக உருளத் தொடங்கும். ஆட்டக்காரர் விரும்புவது இதைத்தான்.

ஆனால் எண்ணெய் அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. சில ஆட்டங்கள் கழிந்தபின் பந்துகள் ஓடும் பாதையில் உராய்வுக் குணகம் 0.08 ஆக உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே கை, அதே வேகத்தில், அதே பந்தை விடுகிறது. எண்ணெய்ப் பகுதியைக் கடப்பதற்குள்ளேயே திருப்பத்தில் பத்தில் ஏழு பங்கு முடிந்துவிடுகிறது. பந்து முன்னைவிட 20 செ.மீ.க்குச் சற்று அதிகமாக, கிட்டத்தட்ட ஒரு சாண், இடப்புறம் விலகியிருக்கிறது. அது 1ஆம் கட்டையின் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கத்தில் போய் மோதும். ஆட்டக்காரர் தம் கையைக் குறைகூறிக்கொள்வார். கையின்மேல் குற்றமில்லை.

அனுபவசாலிகள் முதலில் பந்தை மாற்ற மாட்டார்கள். நிற்கும் இடத்தை இடப்புறம் நகர்த்தி, எண்ணெய் குறையாத பாதையைத் தேடுவார்கள். அதுவும் போதாதபோதுதான், பின்னால் திரும்பும் பந்தை எடுப்பார்கள்.

பரப்பா, உள்ளீடா?

திரும்பும் இடத்தை மாற்றப் பந்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பரப்பு. பழைய பந்துகள் மரத்தால் ஆனவை. 1905இல் கடினரப்பர் வந்தது. பிறகு பாலியெஸ்டர் பிளாஸ்டிக், 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990களின் தொடக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகள் கொண்ட 'ரியாக்டிவ்' யூரித்தேன். இந்தக் கடைசி வகைப் பந்தின் மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் அது எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துத் தரையைப் பற்றும். மெருகேற்றினால் எண்ணெயின்மீது மிதந்து சென்று, உலர்ந்த தரையைக் கண்டதும் பற்றும். மழைக்காலத்தில் வழுவழுவெனத் தேய்ந்த டயருள்ள சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று, பந்தின் உள்ளே புதைந்திருக்கும் கனத்த உள்ளீடு. இதன் வடிவத்தைப் பொறுத்துப் பந்தின் சுழற்சி ஆரம் மாறும். விளம்பரங்கள் பெரிதும் புகழ்வது இதைத்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பௌலிங் காங்கிரஸ் என்னும் அமைப்பின் விதிப்படி சுழற்சி ஆரம் 2.46 அங்குலத்திற்கும் 2.80 அங்குலத்திற்கும் இடையில் இருக்க வேண்டும். சீரான திண்மக் கோளமாக இருந்தால் அது 2.71 அங்குலம் இருக்கும். இவ்வரம்பின் இரு கோடியிலும் உள்ள இரு பந்துகளை ஒரே தரையில் விட்டால், சிறிய ஆரமுடையது உருளத் தொடங்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே குறையும். பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் ஏற்படும் மாற்றம் இதைவிடப் பெரிது. அவ்வமைப்பு நடத்திய பந்து இயக்க ஆய்விலும் பரப்பின் தன்மையே முதலிடம் பெற்றது. உள்ளீட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பம்பரத்தின் தலை ஆடுவதுபோல் பந்தின் சுழல் அச்சு மெல்ல இடம்பெயர, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய வளையம் ஒன்று தரையைத் தொடுகிறது.

பரப்பின் ஆற்றலை 1973ஆம் ஆண்டே உலகிற்குக் காட்டியவர் டான் மெக்யூன் என்னும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர். மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பானில் பிளாஸ்டிக் பந்தை ஊறவைத்தால் மேற்பரப்பு மென்மையாகித் தடத்தை நன்கு பற்றும். அவ்வாண்டில் அவர் ஆறு பட்டங்களை வென்றார். எளிதில் தீப்பற்றும் திரவத்தில் ஆளாளுக்குப் பந்தை ஊறவைக்கும் நிலை வரவே, பந்தின் கடினத்தன்மைக்குக் கீழ்வரம்பு வகுத்தார்கள்.

பையில் எவை?

என் கணிப்பில், பையில் முதலில் வைக்க வேண்டியது மிக மலிவானதும் எவரும் வியந்து பாராததுமான பாலியெஸ்டர் பந்து. காரணத்தை எண்களே சொல்லும். ஓர் ஆட்டத்தில் பத்துக் கட்டங்கள். கட்டத்திற்கு இரு உருட்டல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் உருட்டலில் 9 கட்டைகள் விழுகின்றன, எஞ்சிய ஒன்றை இரண்டாவதில் தவறவிடுகிறீர்கள் எனில் மொத்தம் 90. அந்த ஒன்றையும் வீழ்த்தினால் அதற்கு 'ஸ்பேர்' என்று பெயர். அக்கட்டத்துக்குப் பத்துடன், அடுத்த உருட்டலின் எண்ணிக்கையும் சேரும். அதாவது 19. பத்துக் கட்டங்களுக்கு 190. வேறுபாடு 100 புள்ளிகள்!

வலக்கையர்க்கு அடிக்கடி எஞ்சி நிற்பது வலக்கோடியிலுள்ள 10ஆம் கட்டை. அதன் மையம் தடத்தின் விளிம்பிலிருந்து 7 செ.மீ. தொலைவிலேயே உள்ளது. அந்த ஓரத்தில் எண்ணெயும் குறைவு. திரும்பும் பந்தை அங்கே அனுப்பினால் அது கட்டையைத் தொடாமல் இடப்புறம் ஓடிவிடும். முறுக்காமல் விட்டால் எந்தப் பந்தும் நேராகத்தானே போகும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாள் முழுதும் முறுக்கிவிட்டுப் பழகிய கை, இந்த ஓர் உருட்டலில் மட்டும் அடங்கி நிற்பது அரிது. கை தவறினாலும், எண்ணெயை உறிஞ்சாத வழுவழுப்பான பிளாஸ்டிக் அத்தவற்றைப் பெரிதாக்காது.

இரண்டாவது, போட்டியின் தொடக்கத்தில், எண்ணெய் புதிதாக இருக்கும்போது ஆடுவதற்கானது. சொரசொரப்பான ரியாக்டிவ் பந்து. மூன்றாவது, எண்ணெய் தேய்ந்தபின் எடுப்பதற்கானது. மெருகேற்றிய பரப்பும் பெரிய சுழற்சி ஆரமும் உடையதாக இருப்பது நல்லது. இவ்விரண்டும் ஒரே எடையில் இருக்கட்டும். எடை மாறினால் கைவீச்சின் கால அளவும் மாறிவிடும். பலர் செய்யும் பிழை, தமக்குப் பிடித்த ஒரே மாதிரியான மூன்று பந்துகளை நிறத்தைப் பார்த்து எடுத்துச் செல்வதுதான். மூன்றும் தடத்தின் ஒரே இடத்தில் திரும்பினால், கையில் இருப்பது மூன்று பந்துகள் அல்ல, ஒரு பந்துதான்.

ஆட்டம் தொடங்கியபின் பரப்பைத் தேய்க்க விதி இடம் தராது. 2020 ஆகஸ்டு முதல் அமெரிக்க விதிப்படி, ஆட்டத்தின் நடுவே பந்தை உலர்ந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தொடங்குவதற்கு முன் தேய்க்கத் தடையில்லை. எனவே முதல்நாள் பயிற்சியில் தடத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே சொரசொரப்பான பந்தைக் கொஞ்சம் மழுங்கச் செய்யவோ மெருகேறிய பந்தைச் சற்றுக் கரடாக்கவோ செய்யலாம். இரண்டே பந்துகளுக்குத்தான் இடம் என்றால், நான் மெருகேற்றிய பந்தை வீட்டில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக்குடன் மற்றொன்றையும் 500 முதல் 4000 வரை எண்ணிட்ட உப்புத்தாள் சிலவற்றையும் எடுத்து வைப்பேன். உப்புத்தாளின் எடை சில கிராம்தான்.