ஊழியர் நலநிலை மதிப்பீடுகள்: சராசரியும் அதற்கு அப்பாலும்

குழுவாகப் பணிபுரிவோரிடம் வினாக்கொத்துகளை வழங்கி, அவர்தம் களைப்பு, மனநிறைவு, சகஊழியர் உறவு ஆகியவற்றைப் புள்ளிகளாக்கும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. முடிவு பெரும்பாலும் ஒற்றை எண்ணாகவே முகாமையாளரின் மேசையை அடைகின்றது. அவ்வெண் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

பத்துப்பேர் கொண்ட குழுவொன்றில் எழுவர் தமது நலநிலைக்கு 8 புள்ளியும், மூவர் 2 புள்ளியும் இடுகின்றனர் எனக் கொள்வோம். சராசரி 6.2. பத்துப்பேரும் ஆறையொட்டியே புள்ளியிட்ட வேறொரு குழுவின் சராசரியும் இதுவாக இருக்கலாம். ஆயின், முதற் குழுவில் ஆறை அண்மித்த நிலையில் எவருமே இல்லை. ஆகவே புள்ளிகள் எவ்வாறு பரந்துள்ளன என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். அதனினும் முக்கியமாக, அம்மூவர் யாவர் என்பதைக் கேட்டல் வேண்டும். அவர்கள் மூவரும் சிற்றூழியராயின், நாம் காண்பது மனநிலை வேறுபாடன்று, படிநிலை வேறுபாடு. ('குழு' என்னும் சொல்லே இதனை மறைக்க வல்லது.)

படிநிலை உடலையும் தாக்குகின்றது என்பதற்கு இலண்டன் அரச ஊழியரிடையே நடத்தப்பட்ட வைற்ஹோல் ஆய்வுகள் தக்க சான்றாகும். 1967இல் தொடங்கிய முதலாவது ஆய்வில், அதியுயர் தரத்தினரிலும் பார்க்க அடிமட்ட ஊழியரிடையே இதயநோய் மரணம் மூன்று மடங்குக்கு மேற்பட்டிருந்தது. புகைத்தல், இரத்த அழுத்தம் முதலியன இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தமது வேலையின் மீது தமக்குக் கட்டுப்பாடு குறைந்தோரிடையே இதயநோய் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. அக்கட்டுப்பாட்டை ஊழியர் தாமே மதிப்பிட்டபோதும், ஆளணி அதிகாரிகள் மதிப்பிட்டபோதும் முடிவு ஒத்தே அமைந்தது. 'அது அவர்களது வெறும் எண்ணம்' எனத் தட்டிக்கழிக்க இடமில்லை.

எனினும் அவ்வாறு தட்டிக்கழிக்கும் மரபு பழையது. சிக்காகோ நகரையடுத்த ஹோதோண் தொழிற்சாலையில் 1928 தொடக்கம் 1930 வரை இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் பேட்டிகாணப்பட்டனர். எல்ற்றன் மேயோவும் அவர் வழிநின்றோரும் முறைப்பாட்டின் வெளிப்படைப் பொருளை விடுத்து, அதன் பின்னாலுள்ள தனிமனித உணர்வையே தேடினர். 1931இல் அங்கு 14 ஆண் தொழிலாளர் தனியறையில் அவதானிக்கப்பட்டனர். அவர்கள் தம்முள் ஒரு நாளுற்பத்தி அளவை வகுத்துக்கொண்டு அதனை மீறாதிருந்தனர். மீறின் கூலிவீதம் குறைக்கப்படும் என அஞ்சினர். ஆய்வாளர் இதனைத் தர்க்கத்துக்குப் புறம்பான குழுவுணர்ச்சியாகவே கண்டனர். 1932இல், பொருளாதார மந்தத்தால் வேலை அருகியமையால் அவ்வாய்வே நின்றுபோயிற்று. அச்சத்துக்கு ஆதாரம் எங்கிருந்தது என்பது ஆய்வாளருக்கு அப்போதாவது புலப்பட்டிருக்கலாம்.

குறைந்த புள்ளிக்குத் தியான வகுப்பும் மனவடக்கப் பயிற்சியும் பரிகாரமாகும்போது இதே தவறு மீள்கின்றது. பணிச்சுமையை நிருணயிப்பவர் யார், வேலைநேரத்தை வகுப்பவர் யார் என்ற வினாக்கள் வினாக்கொத்திலேயே இடம்பெறாவிடின், விடைகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை. விடையளியாதோர் தொகையையும் நோக்குதல் வேண்டும். சிறு குழுவொன்றில் பெயர் குறியாத விடையும் எழுதியவரை இலகுவிற் காட்டிக்கொடுத்துவிடும். வேலை நிரந்தரமற்றவர் உயர்புள்ளி இடுவது மகிழ்ச்சியினாலன்றித் தற்காப்பினாலும் ஆகலாம்.

இவ்விடத்து மார்க்ஸ் 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென வகுத்த வினாக்கொத்து கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஏறத்தாழ நூறு வினாக்களைக் கொண்ட அது, வேலைத்தலத்தின் பரப்பு, காற்றோட்டம், இயந்திரப் பாதுகாப்பு, வேலைநேரம், கூலி, வேலைநிறுத்தம் என ஒவ்வொன்றாக விசாரிக்கின்றது. திரும்பி வந்த விடைகள் மிகச் சிலவே. தொழிலாளரின் உடல், அறிவு, ஒழுக்க நிலைமை பற்றிய பொது வினா அதிலும் உண்டு. ஆனால் அது ஏனைய யாவும் கேட்கப்பட்ட பின்னரே, வினாக்கொத்தின் இறுதியை அண்மித்து வருகின்றது.