அப்பாவின் காதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்றால் பலருக்கும் எங்கள் ஊர் ஞாபகம் வரும். இங்கே ஒரு செராமிக் கம்பெனியில் 25 வருடம் பால் மில் பக்கத்தில் வேலை பார்த்தவர் என் அப்பா. பால் மில் என்றதும் பால் பண்ணை என்று நினைத்து விடாதீர்கள். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்றவற்றைக் கூழாங்கற்களோடு உருளைக்குள் போட்டுச் சுற்றவிட்டு மாவாக அரைக்கும் இயந்திரம் அது. ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா சொன்னார்: "எதைச் சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுறார். ஒண்ணும் காதுல விழுறதில்லை." மருந்துக் கடையில் 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று சொன்ன மாத்திரையை அப்பா பத்து நாளாகத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காதில் அழுக்கு அடைப்போ சீழோ இருந்தால் அதற்குச் சிகிச்சைதான் தேவை. அப்பாவுக்கு இருந்தது இரைச்சலால் வந்த குறைபாடு.

சத்தம் கேட்கும், சொல் புரியாது

இரைச்சல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேட்கும் திறனைத்தான் முதலில் கெடுக்கும். அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ஸ போன்றவை மேலே இருக்கின்றன. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டினால் ஃபேன் சத்தம்தான் அதிகமாகும்.

கம்ப்யூட்டரிலேயே சோதனை

உங்கள் கம்ப்யூட்டரில் மைக்கையும் ஹெட்போனையும் இணைத்துக் கொள்ளுங்கள். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியைத் திறந்து, ரெக்கார்டிங் டேபில் மைக்ரோஃபோனைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் பட்டனை அழுத்துங்கள். லிசன் என்ற டேபில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்பதை டிக் செய்து அப்ளை கொடுங்கள். மைக்கில் பேசுவது ஹெட்போனில் கேட்கும். ஸ்பீக்கரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய் 'கீ' என்று ஊளையிடும்.

இதில் ஒரு குறை உண்டு. ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வருவதற்குள் சற்றுத் தாமதமாகிறது. உதடு அசைந்த பிறகு சொல் வருவதாக அப்பா சொன்னார். எனவே தாமதமில்லாத சிறு சர்க்யூட் ஒன்றைச் செய்ய முடிவு செய்தேன்.

நான் செய்த பெட்டி

எலக்ட்ரெட் மைக், எல்.எம்.386 ஐ.சி., 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், சில ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான். இந்த ஐ.சி. சாதாரணமாக 20 மடங்கு பெருக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் 200 மடங்கு. ஆசையில் 200 வைத்தேன். சமையலறையில் ஒரு தட்டு விழ, அப்பா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு, ஹெட்போனுக்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்தேன்.

அடுத்த பிரச்சினை ஃபேன் இரைச்சல். மைக்குக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கும் நடுவே இருந்த 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 0.01 வைத்தேன். என் மைக்குக்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம்தான். இந்தக் கணக்கில் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி படிப்படியாகக் குறையும். ஃபேன் அடங்கியது, அம்மாவின் பேச்சு தெளிந்தது.

இது புது யோசனை அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லாவின் குழு, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 'லோச்எய்ட்' என்ற கருவியை வடிவமைத்து 2020-ல் வெளியிட்டது. முதுமையில் வரும் குறைபாட்டுக்கானது அது. மொத்தமாகச் செய்தால் உதிரிபாகச் செலவு ஒரு டாலருக்குள் அடங்கிவிடும்.

எச்சரிக்கை

வால்யூமைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. மிச்சமிருக்கும் காதையும் நாமே கெடுத்துவிடக் கூடாது. சால்டரிங் தெரியாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் சவுண்ட் ஆம்ப்ளிஃபயரை முயன்று பார்க்கலாம்.

வீட்டுக்குள் பேச, டிவி பார்க்க இந்தப் பெட்டி போதும். கடைத்தெரு இரைச்சலில் இது உதவவில்லை. அதற்கு அவரவர் காதின் அளவுக்கேற்ப அமைத்த உண்மையான கருவிதான் வேண்டும். கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை மருந்துக் கடைக்கு மட்டும் அம்மாவும் கூடப் போகிறார்.